ஓட்டைக் காசை எப்படிப் படிப்பது

பழைய காசில் ஓட்டை இருந்தால் நாணயம் சேர்ப்பவர்களுக்குப் பிடிக்காது. "ஓட்டையா? அப்ப வெள்ளி விலைக்குத்தான் எடுப்போம்" என்று தராசில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் திருநெல்வேலியில் நகை வேலை செய்பவன். பழைய காசுமாலையைப் பிரித்துக் கோப்பது, அறுந்த வளையத்தைப் பற்றவைப்பது, அரைஞாண் கயிற்றில் கிடந்த காசைக் கழற்றிக் கொடுப்பது எல்லாம் எங்கள் பட்டறைக்கு வாடிக்கையாக வரும் வேலைகள். காசை நான் பார்ப்பது அந்தப் பக்கமிருந்துதான். ஓட்டையில்லாத ரூபாய் அரசாங்கம் அச்சடித்ததை மட்டும் சொல்லும். அதை வாங்கியவர் என்ன செய்தார் என்பது ஓட்டையில்தான் இருக்கிறது. செலவழித்திருக்க வேண்டிய பணத்தை ஒருவர் எடுத்துத் துளை போட்டுக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டியிருக்கிறார். ஏன் கட்டினார், எப்போது கட்டினார், எவ்வளவு காலம் கட்டினார் என்பதை ஓரளவு காசை வைத்தே சொல்லிவிடலாம்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு, ஒரு முழம் வெள்ளை நூல், செல்போன் டார்ச், ஒரு காந்தம். இவை போதும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காசைக் கழுவாதீர்கள். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் விபூதி, செம்பு கறுத்தால் புளி. பழக்கதோஷத்தில் காசையும் அப்படியே தேய்த்துக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள். ஓட்டைக்குள் இருக்கும் கறுப்பும் விளிம்பில் ஒட்டிய அழுக்கும்தான் எனக்கு வேண்டியவை. அதைத் துடைத்துவிட்டு வந்து "எத்தனை வருஷத்துக்கு முந்தி போட்ட ஓட்டை?" என்று கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? மண் அதிகம் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஓட்டை எங்கே பிறந்தது

முதல் கேள்வி, இது அச்சடித்த இடத்திலேயே வந்த ஓட்டையா, பின்னால் யாரோ போட்டதா என்பது. இதில் குழப்பம் வராது. ஆனாலும் நிறையப் பேர் ஓட்டைக் காலணாவைக் கொண்டுவந்து "தாலிக் காசா?" என்று கேட்கிறார்கள். அது 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு. இரண்டாம் உலகப்போரில் செம்பு தட்டுப்பாடு. பழைய காலணா 4.86 கிராம் இருந்தது. அதைச் சுருக்கி, நடுவில் பெரிய ஓட்டையும் போட்டு, சுமார் 2 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் ஓட்டையைச் சுற்றி இலை வளையம். ஓட்டை அச்சு நடுவில் இருக்கும், உருவங்கள் எல்லாம் ஓட்டைக்கு வழிவிட்டு நிற்கும். அந்தக் காசை வாஷராகப் போட்டு முடுக்கிய வண்டிகளும் மோட்டார்களும் ஊருக்கு ஊர் உண்டு. நகைக்கும் அதற்கும் சம்பந்தம் அபூர்வம்.

சீனச் செப்புக்காசின் சதுர ஓட்டையும் இதே வகை. கயிற்றில் கோத்துச் சரமாக எண்ணுவதற்காக அங்கே இரண்டாயிரம் வருஷம் அப்படியே வார்த்தார்கள். தஞ்சை வட்டாரத்தில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்திருப்பதால், நம் ஊர் மண்ணிலும் சதுர ஓட்டைக் காசைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஜப்பானின் 5 யென், 50 யென் காசுகள் இன்றும் ஓட்டையோடுதான் வருகின்றன.

இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரமும் உண்டு. 1812இல் மதராஸிலிருந்து 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்கள் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குப் போயின. அங்கே காசுக்குப் பஞ்சம். வருகிற கப்பல்காரர்கள் இருக்கிற வெள்ளியையும் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். ஆளுநர் மக்குவாரி 1813இல் ஒவ்வொரு டாலரின் நடுவையும் வெட்டி எடுக்கச் சொன்னார். வளையம் ஐந்து ஷில்லிங், வெட்டி எடுத்த நடுப்பகுதி பதினைந்து பென்ஸ். ஓட்டை விழுந்த காசை வெளியூரில் முழு டாலராக யாரும் எடுக்க மாட்டார்கள், அதனால் காசு ஊரைவிட்டுப் போகாது என்பது கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை காசின் ஓட்டத்தை நிறுத்தும். கழுத்தில் கட்டியவர்களும் ஒரு வகையில் அதையேதான் செய்தார்கள்.

குத்தியதா, துளைத்ததா

கையால் போட்ட ஓட்டை என்று தெரிந்த பிறகு லென்ஸை எடுங்கள். ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்த ஓட்டை ஒரு பக்கம் உள்வாங்கிக் குழிந்திருக்கும், மறுபக்கம் பிசிறு எழும்பி நிற்கும். அடித்த இடத்தைச் சுற்றிக் காசே லேசாக வளைந்திருக்கும். வில் துரப்பணத்தில் போட்ட ஓட்டை அப்படி இருக்காது. வில்லின் நாண் தண்டைச் சுற்றி முன்னும் பின்னும் இழுக்க, ஊசிமுனை இரண்டு திசையிலும் சுழன்று அரித்துக்கொண்டே இறங்கும். அதனால் வாய் அகன்று அடி குறுகியிருக்கும். இரண்டு பக்கமிருந்தும் துளைத்திருந்தால் நடுவில் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரித் தெரியும். மின்சாரத் துரப்பணத்தில் போட்டது மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம், சுவரில் மெல்லிய வரிகள்.

குத்தியது மட்டம், துளைத்தது உயர்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குத்தினால் உலோகம் ஒதுங்கும், ஆனால் போகாது. துளைத்தால் தூள் விழும். தங்கக் காசில் அந்தத் தூளும் தங்கம். காசுக்குரிய அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்கத்தைத் துளைக்கும் தட்டாருக்குக் கை கூசும். ஊசியால் குத்தி, பிசிறைத் தட்டிச் சமன் செய்து கொடுப்பதில் இரண்டு பேருக்கும் நிம்மதி. வெள்ளியில் இந்தக் கவலை குறைவு. ஒரு ரூபாயில் 2 மில்லிமீட்டர் ஓட்டை துளைத்தால் போகும் வெள்ளி சுமார் 0.05 கிராம். "வெள்ளியைத் திருடத்தான் ஓட்டை போட்டார்கள்" என்று ஒரு கதை உலவுகிறது. இந்த எடையைப் பாருங்கள், இதற்காக யார் மெனக்கெடுவார்? வெள்ளி திருடுகிறவன் விளிம்பைச் சுரண்டுவான், அல்லது அமிலத்தில் ஊறப்போடுவான்.

பிசிறை மட்டும் தனியாகப் பாருங்கள். உடம்பில் அணிய வேண்டிய காசு என்றால் பிசிறை அரத்தால் ராவியிருப்பார்கள், இல்லையென்றால் சுத்தியலால் தட்டி மடக்கியிருப்பார்கள். தோலைக் கீறும், சேலையை இழுக்கும் என்பதால் அதை அப்படியே விடமாட்டார்கள். பிசிறு கூராக எழுந்து நிற்கிறது, தேய்மானமும் இல்லை என்றால் அந்தக் காசை யாரும் அணியவில்லை. எதிலாவது ஆணியடித்துப் பதித்திருக்கலாம். கள்ளக்காசா என்று உள்ளே பார்க்கக் குத்தியிருக்கலாம். பிள்ளைகள் விளையாட்டும் உண்டு.

சோதனைக் குத்து பெரும்பாலும் முழுத் துளையாக இருக்காது. முகலாய ரூபாய்களிலும் ஆற்காட்டு ரூபாய்களிலும் சிறு சிறு முத்திரைக் குழிகள் நிறைய இருக்கும். அவை சராப்புகள், அதாவது காசு மாற்றுகிறவர்கள், பார்த்துச் சரி என்று குத்திய அடையாளங்கள். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த ரோமத் தங்கக் காசுப் புதையலில் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. அது ஓட்டை இல்லை, நகைக்காகவும் இல்லை. காசாகச் செல்லாமல் ஆக்கிப் பொன்னாக மட்டும் வைத்துக்கொள்ளப் போட்ட வெட்டு என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்வது. காசில் காயம் தெரிந்த உடனே நகை என்று முடிவுகட்டாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நூலில் தொங்கவிடுங்கள்

எனக்குப் பிடித்த சோதனை இதுதான். ஓட்டைக்குள் நூலை விட்டு, காசைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும் வரை காத்திருங்கள். எந்தப் பக்கம் நேராக நிற்கிறது?

ராணி தலையோ ராஜா தலையோ நிமிர்ந்து நின்றால், ஓட்டை போட்டவருக்கு முகம் முக்கியமாக இருந்திருக்கிறது. தலைக்கு மேலே விளிம்பை ஒட்டி அளவு பார்த்துப் போட்டிருப்பார். ஆண்டும் மதிப்பும் இருக்கும் பக்கம் மட்டும் நேராக நின்றால் அந்தப் பக்கத்தைத்தான் வெளியே காட்டியிருக்கிறார்கள். இரண்டுமே கோணலாக நின்றால் படமோ எழுத்தோ ஒரு பொருட்டாக இருக்கவில்லை, காசு என்பதும் வெள்ளி என்பதும் போதுமானதாக இருந்தது. ராஜாவின் கண்ணிலேயே ஆணி இறங்கிய ரூபாயும் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. அதைச் சுதந்திரப் போராட்டத்தோடு முடிச்சுப் போட்டு ஒருவர் கதை சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. நடுவில் ஓட்டை போட்டால் கயிற்றில் கோக்கச் சுலபம், ராஜாவின் முகம் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

தலைக்கு மேலே ஓட்டை போடும் வழக்கம் நேற்று வந்ததில்லை. கர்நாடகத்தில் அக்கியாலூரில் ரோம, பைசாந்தியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றில் பேரரசரின் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் கிடைத்த அந்தக் காலக் காசுகளில் இந்த இரட்டைத் துளை திரும்பத் திரும்ப வருகிறது. ஒற்றைத் துளைக் காசு நூலில் சுற்றிக்கொள்ளும், முதுகைக் காட்டி நிற்கும். இரட்டைத் துளையில் நூல் போனால் காசு புரளாது, முகம் எப்போதும் வெளியே பார்த்திருக்கும். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய தட்டார் யோசித்ததை இன்றைக்கும் என்னால் மேம்படுத்த முடியாது.

இரண்டு துளைகள் எதிரெதிர் விளிம்புகளில் இருந்தால் கதை வேறு. அந்தக் காசு துணியில் தைத்தது. லம்பாடிப் பெண்களின் ரவிக்கையிலும் முக்காட்டிலும் காசுகளைத் தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித் தைத்த காசில் வெளிப்பக்கம் அடிபட்டிருக்கும், துணிப்பக்கம் உருவம் அழியாமல் மிஞ்சியிருக்கும்.

தேய்மானம்தான் நாட்குறிப்பு

ஓட்டையின் மேல் விளிம்பைப் பாருங்கள். வருஷக்கணக்காகத் தொங்கிய காசில் ஓட்டை வட்டமாக இருக்காது. மேல்நோக்கி நீண்டு, நீர்த்துளி வடிவத்துக்கு வந்திருக்கும். பருத்திக் கயிறோ பட்டு நூலோ தேய்த்தால் விளிம்பு வழவழப்பாக உருண்டுவிடும். உலோக வளையம் தேய்த்தால் கூர்மையான பள்ளம் விழும், சில சமயம் பிளந்து விளிம்புவரை வந்துவிடும். அப்படி மேல் ஓட்டை பிய்ந்துபோய், பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தக் காசை மிகவும் வேண்டி வைத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்து, காசின் உருவத் தேய்மானத்தையும் ஓட்டையின் தேய்மானத்தையும் ஒப்பிடுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ரூபாயில் 1862 என்று இருப்பதால் ஓட்டையும் 1862 என்று எடுத்துக்கொள்கிறார்கள். காசின் ஆண்டு ஒரு கீழ்க்கோடு, அதற்கு முன்னால் ஓட்டை வந்திருக்க முடியாது. அதைத் தவிர அது வேறு ஒன்றும் சொல்லாது. ராணியின் முடி, கிரீடத்தின் வேலைப்பாடு எல்லாம் தெளிவாக இருந்து ஓட்டை தேய்ந்திருந்தால், காசு அதிகம் கைமாறாமல் சீக்கிரமே நகையாகிவிட்டது. முகம் வழுக்கையாகி ஓட்டை கூர்மையாக இருந்தால், பல காலம் சந்தையில் சுற்றிவிட்டுக் கடைசியில் ஓட்டை வாங்கியது. ஒரு பக்கம் மட்டும் மழமழவென்று இருந்தால் அது மார்புப் பக்கம். வியர்வையும் சேலையும் அந்தப் பக்கத்தைத் தின்றிருக்கும்.

விக்டோரியா ரூபாயில் ஆண்டு தேய்ந்துபோயிருந்தால் எழுத்தைப் பாருங்கள். 1876 வரை "குயின்", 1877இலிருந்து "எம்பிரஸ்".

ஆண்டும் ஓட்டையும் சேர்ந்து சொல்வது

கொஞ்சம் பணக் கணக்கு இல்லாமல் வெள்ளி ரூபாயின் ஓட்டையைப் புரிந்துகொள்ள முடியாது. 1835 முதல் ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்குச் சுமார் 91.7 பங்கு வெள்ளி. 1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து நாணயச்சாலையில் ரூபாயாக அடித்து வாங்கலாம். அதனால் ரூபாயும் அதிலுள்ள வெள்ளியும் ஏறக்குறைய ஒரே விலை. ஓட்டை போட்டாலும் நஷ்டம் கிடையாது. கடைக்காரர் எடுக்க மறுத்தால் தட்டார் எடை போட்டு எடுத்துக்கொள்வார். சம்பாதித்ததை ரூபாயாக வாங்கி, ஓட்டை போட்டு, கழுத்தில் சேர்த்துக்கொண்டே போனார்கள். தட்டார் செய்த சங்கிலியில் எவ்வளவு செம்பு கலந்திருக்கிறது என்று உரைகல்லில் பார்த்தால்தான் தெரியும். ரூபாயின் மாற்று, அதாவது வெள்ளியின் தரம், ஊருக்கே தெரியும். என் தொழிலை நானே விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன், ஆனாலும் காசுமாலை பிறந்ததற்கு எங்கள்மேல் இருந்த சந்தேகமும் ஒரு காரணம்தான். அவசரம் வந்தால் மாலையை அழிக்க வேண்டாம், ஒரு காசை மட்டும் கழற்றினால் போதும் என்பது இன்னொரு வசதி.

1893 ஜூனில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். வெள்ளி விலை உலகெங்கும் விழுந்துகொண்டிருந்தது. ரூபாயின் மதிப்பை அரசு தனியாக உயர்த்திப் பிடித்தது. அதன் பிறகு ஓட்டை போட்ட ரூபாயை விற்கப்போனால் கிடைப்பது வெள்ளி விலைதான், அது முழு ரூபாயைவிடக் குறைவு. சேமிப்பாகப் பார்த்தால் ஓட்டை போடுவது நஷ்டம். அதனால் 1893க்குப் பிந்திய ஆண்டுள்ள ரூபாயில் தேய்ந்த ஓட்டையைப் பார்த்தால் நான் முதலில் பிள்ளைக் காசு என்றுதான் நினைப்பேன். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் தாயத்தோடு சேர்த்துக் கட்டியது, திருஷ்டிக்கு, பயத்துக்கு, நேர்த்திக்கடனுக்கு. லாபநஷ்டம் பார்க்காத காரியங்கள். சேர்த்து வைக்க நினைத்தவர்கள் அந்தக் காலத்தில் பவுனுக்குப் போய்விட்டார்கள். 1899இல் ஒரு சாவரின், அதாவது இங்கிலாந்தின் பவுன் காசு, பதினைந்து ரூபாய்க்குச் செல்லும் என்று சட்டம் வந்தது. 7.99 கிராம், 22 காரட். 1918இல் மட்டும் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். தங்கம் என்பதால் ஓட்டை போட்டாலும் எடைக்கு எடை பெறும்.

1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்த ரூபாய் வந்தது. 1941 முதல் பழைய முழுவெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாகச் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றாமல் வீட்டில் வைத்துக்கொண்டவர்களுக்கு ஓட்டை போடுவதில் மறுபடியும் தயக்கம் இல்லாமல் போனது. முகம் தேய்ந்து, ஓட்டை மட்டும் கூர்மையாக இருக்கும் விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் பலவும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. 1947 ரூபாய் நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். அதில் ஓட்டை இருந்தால் வெள்ளி என்று நம்பி யாரோ ஏமாந்திருக்கிறார்கள், இல்லை பிள்ளையின் கழுத்துக்கு எதுவாக இருந்தாலும் சரி என்று விட்டிருக்கிறார்கள்.

ஓட்டை போடாமல் மாட்டியது

வசதியுள்ள வீட்டுக் காசுமாலையில் ஓட்டை இருக்காது. காசின் தலையில் சிறு வளையம் பற்றவைத்திருக்கும். வளையம் பின்னால் விழுந்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு மேடோ நிறம் மாறிய திட்டோ மிஞ்சும். பற்றவைக்கும்போது வெங்காரம் பட்டு உருகிய பற்றுப்பொடி பரவிய அடையாளம் அது. விளிம்பில் ஒரே இடத்தில் அந்தத் திட்டு இருந்தால், ஓட்டையே இல்லாவிட்டாலும் அது மாலைக் காசு.

எதற்கு வளையம், எதற்கு ஓட்டை என்பதில் காசின் உடலமைப்புக்கும் பங்கு உண்டு. புள்ளி வராகன் என்ற பழைய தங்கக் காசு சுமார் 3.4 கிராம்தான், ஆனால் சிறிதாக, தடிப்பாக இருக்கும். துளை போட்டால் சாமி உருவம் போய்விடும், அதனால் வளையம். வெனிஸ் நகரத்துத் தங்க டுகாட்டும் ஏறக்குறைய அதே எடை, 3.5 கிராம், ஆனால் தகடு போல மெல்லியது, சுத்தத் தங்கம், ஊசி நோகாமல் இறங்கும். மிளகு வாங்க வந்த அந்தக் காசு மலையாளக் கரையிலும் நம் தென்கோடியிலும் மாலை மாலையாகத் தங்கிவிட்டது. அதில் புனித மாற்கு முன்னால் வெனிஸ் தலைவர் முழந்தாளிட்டுக் கொடிக்கம்பத்தைப் பிடித்திருப்பார். நம் ஆட்களுக்கு அது பனையேறுகிறவர் மரத்தைப் பிடித்திருப்பதாகத் தெரிந்தது. பழைய ஆட்கள் சாணார் காசு என்று சொல்வது அதைத்தான். வெனிஸ் குடியரசு 1797இல் விழுந்த பிறகும் இந்த மோகம் தீராமல் இங்கேயே அதைப் பார்த்து அடித்தார்கள். அப்படி அடித்ததில் லத்தீன் எழுத்து வெறும் கோடுகளாகிவிட்டிருக்கும், லென்ஸில் பார்த்தால் உடனே தெரியும்.

காசு மருந்தான கதை இங்கிலாந்திலும் உண்டு. ஏஞ்சல் என்ற தங்கக் காசை அரசர் துளையிட்டு வெள்ளை ரிப்பனில் கோத்து, கண்டமாலை என்ற கழுத்துக்கட்டி நோய் வந்தவர்களைத் தொட்டு, அவர்கள் கழுத்தில் மாட்டுவார். பிறகு அதற்கென்றே தனி வில்லை அடித்தார்கள். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனுக்கு 1712இல், குழந்தையாக இருந்தபோது, ராணி ஆன் அப்படி ஒன்றைக் கொடுத்தார். அவர் கடைசிவரை அதைக் கழுத்தில் போட்டிருந்தார். இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஏமாற்று ஓட்டைகள்

இரண்டு வகை ஏமாற்று உண்டு. ஒன்று, ஓட்டையை மறைப்பது. வெள்ளியால் அடைத்து, மேலே செதுக்கி, முழுக்காசு என்று விற்பார்கள். டார்ச்சைச் சாய்வாக அடித்து இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மங்கலான வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் எழுத்தின் கால் ஒடிந்திருக்கும், நிறம் ஒரு மாற்று தள்ளியிருக்கும். விரல் நுனியில் வைத்துத் தட்டினால் நல்ல ரூபாய் கணீரென்று நீண்டு ஒலிக்கும், அடைத்தது சட்டென்று அமுங்கிவிடும்.

இன்னொன்று, இல்லாத ஓட்டையை உண்டாக்குவது. தேய்ந்துபோன காசில் புதிதாகத் துளைத்து "பாட்டி காலத்துத் தாலிக் காசு" என்று இரட்டிப்பு விலை சொல்கிறார்கள். ஓட்டையின் உள்சுவரைப் பாருங்கள். காசின் முகம் கறுத்திருக்க உள்சுவர் பளிச்சென்றிருந்தால் அது போன மாதத்து ஓட்டை. அமிலம் தடவிக் கறுக்கவைத்தாலும் நீர்த்துளித் தேய்மானத்தை அவர்களால் கொண்டுவர முடியாது. ராமரும் அனுமாரும் போட்டு, "1818 கிழக்கிந்தியக் கம்பெனி" என்று எழுதிய காசு ஓட்டையோடு வந்தால் ஓட்டையைப் பார்க்கவே வேண்டாம், கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், கோடி பெறும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடைக்கலாமா, அணியலாமா

ஒரு ஆச்சி எட்வர்டு ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்டை நீண்டு விளிம்பைத் தொடப்போகிற நிலை. "தம்பி, இந்த ஓட்டைய அடைச்சுத் தாங்க. பேரன் ஆல்பத்துல வைக்கணும்ங்கான்" என்றார்.

"இது யார் போட்டிருந்தது ஆச்சி?"

"எங்க அம்மை இடுப்புக் கயித்துல கெடந்தது. அப்புறம் எனக்குக் கட்டுனாவ."

"அடைச்சா நூறு ரூவா கூடக் கிடைக்கும். உங்க அம்மை கட்டுனதுக்கு அடையாளம் போயிரும். என்ன செய்ய?"

ஆச்சி காசை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அன்று கூலி போயிற்று.

கிடைத்த ஓட்டைக் காசை வைத்திருக்க விரும்பினால் முதலில் எழுதி வையுங்கள். எடை, விட்டம், ஓட்டையின் அகலம், எந்தப் பக்கம் நிமிர்ந்து தொங்கியது, யாரிடமிருந்து வந்தது, அவர்கள் வாய்மொழியாகச் சொன்னது. கடைசியாகச் சொன்னதுதான் சீக்கிரம் தொலையும், அதனால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் நிலைமை வேறு, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள்.

காசை பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம், நாளாக நாளாகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித உறை நல்லது.

அணிய ஆசைப்பட்டால் பழைய ஓட்டையில் எஃகு வளையத்தை மாட்டாதீர்கள். வெள்ளி மென்மையானது, எஃகு அதை அறுத்துவிடும். முறுக்கிய பட்டு நூலோ மெழுகு தடவிய பருத்திக் கயிறோ போதும். நூல் அறுந்தாலும் காசு தப்பும், வருஷத்துக்கு ஒருமுறை நூலை மாற்றிக்கொள்ளலாம். ஓட்டை விளிம்பை நெருங்கிவிட்ட காசு என்றால் அதில் பாரமே ஏற்ற வேண்டாம். உங்கள் ஊர்ப் பத்தரிடம் சொல்லி, காசைச் சுற்றிப் பிடிக்கும் மெல்லிய வெள்ளிச் சட்டம் செய்துகொள்ளுங்கள். பற்றவைக்க வேண்டியது சட்டத்தில் மட்டும், அதுவும் காசை வெளியே எடுத்து வைத்துவிட்டு. காசில் நெருப்புப் படக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எங்கள் ஆட்கள் அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.